அப்பா மண்ணெண்ணெயில் கை கழுவுகிறார். எண்ணூர் எண்ணெயைத் தோலிலிருந்து வேறு எப்படி எடுப்பது?

காட்டுக்குப்பத்தான் (2023 டிசம்பர் 14)

எங்கள் வீடு வடசென்னை எண்ணூரில், கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருக்கிறது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெயும் வந்துவிட்டது. வெள்ளம் வடிந்தால் சுவரில் சேற்றுக்கோடு நிற்கும், காய்ந்ததும் தட்டிவிடலாம். இந்த முறை முழங்கால் உயரத்தில் கறுப்புக்கோடு நிற்கிறது. பத்து நாளாகியும் விரலில் ஒட்டுகிறது.

அப்பாவுக்கு 58 வயது. மீன்பிடித் தொழிலுக்குப் போக வழியில்லாததால் எண்ணெய் அள்ளும் வேலைக்குப் போகிறார். ஃபைபர் படகில் நான்கு பேர், கையில் வாளியும் மக்கும், நடுவில் ஒரு பீப்பாய். கையுறை கொடுத்தார்கள், ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய உறை, பத்து நிமிடத்தில் கிழிந்துவிடுகிறது. சாயங்காலம் வந்ததும் பழைய பனியனை மண்ணெண்ணெயில் நனைத்து முழங்கைவரை தேய்க்கிறார். விரல் இடுக்கில் தோல் வெந்ததுபோல வெளுத்து உரிகிறது. நேற்று இரவு சாதம் பிசையும்போது எரிகிறது என்று ஸ்பூன் கேட்டார். அவர் ஸ்பூனில் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

தலைவலி, குமட்டலும் இருக்கிறது. "டீசல் வாசனை எனக்குப் புதிதா?" என்கிறார். மண்ணெண்ணெய் இல்லாமல் இது போகுமா? வீட்டில் மூன்று வயது மகளும் இருக்கிறாள்.

செவிலி_வடசென்னை

தம்பி, முதலில் அந்த மண்ணெண்ணெயை எடுத்து ஒளித்துவையுங்கள். அது எண்ணெயைக் கரைக்கும், கூடவே தோலில் இயல்பாக இருக்கும் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். காப்பு இல்லாத தோலில் மறுநாள் அள்ளுகிற எண்ணெய் இன்னும் சுலபமாக இறங்கும். உரிந்த தோலுக்குப் பாதிக் காரணம் ஆறு, பாதிக் காரணம் பனியன்.

தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், எது இருந்தாலும் போதும். உலர்ந்த துணியால் முதலில் வழித்தெடுத்து, சமையல் எண்ணெயைத் தடவி இரண்டு நிமிடம் ஊறவிட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். பிறகு சாதாரணக் குளியல் சோப்பு. துணி சோப்பும் தேங்காய் நாரும் வேண்டாம். பெட்ரோல், தின்னர் பக்கமே போக வேண்டாம்.

தலைவலியும் குமட்டலும் ஆவியால் வருபவை. எண்ணெயில் இருக்கும் பென்சீன் போன்ற நச்சுப் பொருட்கள் எண்ணெய் கொட்டிய முதல் சில நாட்களில்தான் அதிகமாக ஆவியாகும் என்றாலும், குனிந்து அள்ளுகிறவர் முகம் எண்ணெய்க்கு ஒரு முழத்தில் இருக்கிறது. கொரோனா காலத்து முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த கவசம் வேண்டும். பாரிமுனையில் பாதுகாப்புச் சாதனம் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். தடித்த நைட்ரைல் கையுறையையும் அங்கேயே வாங்கிவிடலாம். அதுவரை காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி படகில் நிற்கட்டும். மூச்சு இரைத்தாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கு வேலை வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். டாக்டரிடம் "தோல் அலர்ஜி" என்று மட்டும் சொல்லாமல், எண்ணெய் அள்ளினேன் என்று சொல்லச் சொல்லுங்கள்.

வேலைத் துணி வாசலைத் தாண்டக் கூடாது. அப்பா குளித்த பிறகுதான் பாப்பாவைத் தூக்க வேண்டும். கடினமான விஷயம்தான், அவள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள்.

முகத்துவாரம்

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது எர்ணாவூர் பாறைகளில் நானும் வாளி தூக்கினேன். அது தார் போன்ற எண்ணெய், வாளியிலிருந்து கீழே விழவே யோசிக்கும். அப்போதும் வாளிதான், இப்போதும் வாளிதான். நடுவில் ஏழு வருடம் போயிருக்கிறது.

தம்பி, நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். வலை நாறுகிறது என்று எரித்துவிட்டேன். பிறகு நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர், "வலை எங்கே?" என்றார். சாம்பலைக் காட்டவா முடியும்? படகு, வலை, சுவர்க்கோடு, அப்பாவின் கை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்துவையுங்கள். மருத்துவமனைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தெந்த நாள் அள்ளினார், யார் அழைத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

மீனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். மடவையோ கெழங்காவோ நல்ல தண்ணீருக்குப் போய்விட்டால் நாளடைவில் எண்ணெயை உடம்பிலிருந்து கழித்துவிடும். மட்டியும் ஆளியும் இருந்த இடத்திலேயே தண்ணீரை வடிகட்டித் தின்பவை, அவற்றில் நெடுநாள் தங்கும். நண்டு சேற்றுக்குள் இருக்கிறது, எண்ணெயும் அங்கேதான் போயிருக்கிறது. சோதனை முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் ஆற்று நண்டு இல்லை.

பசுமைவிரும்பி

நண்பர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். பாத்திரம் கழுவும் திரவம் 50 லிட்டர் வாங்கி அலையாத்திக் காட்டில் தெளிக்கலாமா? எண்ணெய் பூசிய கூழைக்கடாக்களையும் கழுவிவிடலாம்.

முகத்துவாரம்

வேண்டாம் ஐயா. திரவம் எண்ணெயை இல்லாமல் ஆக்காது, சிறு துளிகளாக்கித் தண்ணீருக்குள் கலந்துவிடும். ஆழமில்லாத ஆற்றில் அது இறால் குஞ்சின் வாய்க்குத்தான் போகும். அலையாத்தி சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும் வேரால் மூச்சு விடுகிறது. இருபது பேர் உள்ளே நடந்தால் வேர் ஒடியும், மேலே கிடக்கும் எண்ணெய் கால் பட்டுக் கீழே இறங்கும். கூழைக்கடாவைத் துரத்த வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள். வருகிறவர்கள் அந்த 50 லிட்டர் காசில் கையுறையும் பூட்ஸும் வாங்கி வாருங்கள்.

பசுமைவிரும்பி

சரி. எத்தனை ஜோடி, என்ன அளவு?

காட்டுக்குப்பத்தான் (டிசம்பர் 27)

அக்காவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. அப்பா முதலில் கேட்கவில்லை. அம்மா மண்ணெண்ணெய் கேனை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் தேங்காய் எண்ணெய்க்கு மாறினார். ஒரு வாரத்தில் ஒரு லிட்டர் காலி. "தலைக்கு வைக்க எண்ணெய் இல்லை, ஆற்றுக்கு வைத்துவிட்டாய்" என்று அம்மா திட்டியதால் இப்போது வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி வைத்திருக்கிறார்கள். கையில் வடை வாசனை வருகிறது என்று மகள் முகர்ந்து பார்க்கிறாள்.

கையுறை பன்னிரண்டு ஜோடி வந்தது, படகுக்காரர்கள் பிரித்துக்கொண்டோம். தலைவலி அள்ளும் வேலை நின்ற மூன்றாம் நாள் குறைந்தது. இருமல் இருக்கிறது; அதற்கும் சீட்டு வாங்கி நோட்டில் ஒட்டியிருக்கிறேன். குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்திருக்கிறது. ஆறு எப்போது தொழிலுக்கு ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

அண்ணன், ஒரு சந்தேகம். வலையை எரிக்கவில்லை, ஆனால் மொட்டை மாடியில் வெயில் ஏற ஏற அது உருகிச் சொட்டுகிறது. சாக்கில் கட்டி நிழலில் வைத்தால் கணக்கெடுப்புவரை தாங்குமா?