மூடுபனி நல்ல பிரிண்ட் எங்கே கிடைக்கும்?

எல்லாருக்கும் வணக்கம். பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980) படத்தை ரொம்ப வருஷம் கழித்து நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன். இளையராஜாவின் நூறாவது படம், ‘என் இனிய பொன் நிலாவே’ என்ற அளவில்தான் பலருக்கும் ஞாபகம் இருக்கிறது. அநியாயம்! சிறு வயதுக் காயத்தைச் சுமந்துகொண்டு கொலை செய்கிறவனாக பிரதாப் போத்தன் பேசும் அந்தத் தணிந்த குரல்தான் கத்தியைவிட பயமாக இருக்கிறது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்தின் சாயல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஊட்டிப் பனியும் ஷோபாவின் முகமும் பாலு மகேந்திராவின் கேமராவுக்கே உரியவை.

பிரச்சனை என்னவென்றால், நான் பார்த்த பிரதி படுமோசம். இருட்டுக் காட்சிகளில் ஒன்றுமே தெரியவில்லை. ஒளிப்பதிவாளர் எடுத்த படத்தை இப்படியா பார்ப்பது?

தெளிவான பிரதி எங்கே கிடைக்கும், சொல்லுங்களேன். அப்படியே அவர் இயக்கிய முதல் படமான கன்னட ‘கோகிலா’ (1977) தமிழ் அல்லது ஆங்கில சப்டைட்டிலோடு எங்காவது இருக்கிறதா? ‘வீடு’, ‘மூன்றாம் பிறை’ பார்த்தாயிற்று. சரிதா நடித்த ‘ஜூலி கணபதி’யை (2003) அடுத்துப் பார்க்கலாமா? பார்த்தவர்கள் கதையை உடைக்காமல் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.