ஆரல்வாய்மொழிக் காற்றும் எங்கள் வீட்டு யானையும்

எங்கள் வீடு ஆரல்வாய்மொழியில். கணவாய்க் காற்று ஆனியில் பிடித்தால் ஆவணி வரை விடாது; முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? அந்த ஊரில் செடியை யானையாக வளர்க்கப் போன கதை இது.

எடுத்தது சங்கங்குப்பி. கடலோரத்தில் தானாக முளைக்கிற செடி, உப்புக் காற்றையே தாங்கும், கொப்பு நட்டால் பிடித்துக்கொள்ளும். காலுக்கு ஒன்றாக நாலு கொப்பு. வெல்டிங் பட்டறையில் கம்பியை யானை மாதிரி வளைத்துக் கேட்டேன். "கோயிலுக்காக்கும்?" என்றார் பட்டறை அண்ணாச்சி. கொப்புகளைக் கம்பியோடு சேர்க்க வாழைநார்தான் நல்லது. கட்டுக்கம்பி தண்டை அறுத்துவிடும். நார் அதுபாட்டுக்கு மக்கிப் போகும்.

முதல் வருடம் அவசரப்பட்டேன். கூடு சீக்கிரம் நிறையட்டும் என்று நுனி கிள்ளாமல் விட்டதில் வெளியே மட்டும் தழை, உள்ளே வெறும் குச்சி. நுனியைக் கிள்ளினால்தான் பக்கத்தில் தளிர் விடும். கால்களும் மொட்டை. வயிறு அகலமாகிவிட்டால் அடியில் வெயில் விழாதே! வயிற்றை ஒரு சாண் குறைத்த பிறகுதான் முழங்காலில் இலை வந்தது.

பெரிய தப்பு வேறு. வாசலைப் பார்க்கட்டும் என்று முகத்தை மேற்கே வைத்திருந்தேன். காற்று வருவதும் மேற்கிலிருந்துதான். ஆடி பிறப்பதற்குள் தும்பிக்கையில் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, ஒரு ராத்திரியில் கம்பியோடு வளைந்து காதில் போய் ஒட்டிக்கொண்டது. பின்பக்கமோ கொழுகொழு. பார்சல் கொண்டு வந்த பையன், "பன்னி நல்லா வளர்ந்திருக்கு அக்கா" என்றான்.

செடியைத் திருப்ப முடியாது, உருவத்தைத் திருப்பலாமே. வால் இருந்த இடத்தில் தும்பிக்கை விட்டேன். இப்போது யானை காற்றுக்கு முதுகு காட்டி நன்றாக நிற்கிறது. வருகிறவர்களுக்கும் முதலில் தெரிவது முதுகுதான். மாமியாருக்கு அதில் இன்னும் வருத்தம்.

—

அக்கா, நான் குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். உங்களுக்குக் காற்று, எங்களுக்கு மழை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. துரந்தாச் செடியில் மயில் உருவம் விட்டிருக்கிறேன். பத்து நாள் கத்தரி படாவிட்டால் மயிலுக்குத் தாடி முளைத்துவிடும். சித்திரையில் அதன் கழுத்தில் கொண்டைக்குருவி கூடு கட்டியது, உள்ளே மூன்று முட்டை. குஞ்சுகள் பறக்கட்டும் என்று கத்தரியை எடுத்து வைத்துவிட்டேன். அவை போனதும் மழை பிடித்துக்கொண்டது. இப்போது கழுத்து எது, உடம்பு எது என்றே தெரியவில்லை. அடியோடு வெட்டி மறுபடி விட்டால் தாங்குமா?

—

துரந்தா தாராளமாகத் தாங்கும். முள் இருக்கும், கையுறை போட்டுக்கோங்க. காய் விஷம், பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கோங்க. நாலு நாள் வெயில் அடித்தபின் வெட்டுங்க. அது சரி, மயில் எந்தப் பக்கம் பார்க்கிறது?