இலையுதிர் காலத்தில் மலைப்பாதை, ரெண்டு பைக்: யார் முன்னாடி போறது?

நிதானவண்டி கேட்டது:

வணக்கம் மக்களே. இலை நிறம் மாறுற சமயத்தில் மலைப்பக்கம் பைக்கில் ஒரு சுத்து வரணும்னு நானும் என் நண்பனும் ரொம்ப நாளா பேசிக்கிட்டே இருந்தோம், இப்பதான் லீவு ஒத்து வந்திருக்கு. என்கிட்ட இருக்கிறது 400 சிசி, ஏபிஎஸ் உண்டு. அவனோடது பழைய 150 சிசி, கார்புரேட்டர் வண்டி, பின்னாடி டிரம் பிரேக். சமவெளியில் அவன் என்னைவிட நல்லாவே ஓட்டுவான். ஆனா கொண்டை ஊசி வளைவெல்லாம் அவனுக்குப் புதுசு. இன்னொரு தொல்லை, ஒரு சிவப்பு மரம் கண்ணில் பட்டாப் போதும், இண்டிகேட்டர்கூடப் போடாம ஓரங்கட்டி போனை எடுத்துடுவான்.

கேள்வி இதுதான்: யார் முன்னாடி போறது? ரோட்டில் கிடக்கிற இலையை எப்படிக் கையாளுறது? காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு நிறுத்துறது? "பார்த்துப் போங்க"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அதை வீட்டிலேயே சொல்லிட்டாங்க.

கிரீஸ்கை எழுதியது:

தம்பி, யார் முன்னாடிங்கிறது அப்புறம். முதல்ல அவன் வண்டியைப் பார்ப்போம். 2000 மீட்டர் உயரத்தில் காற்றோட அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைவு. 150 சிசியில் அந்த அளவு இழுவை போச்சுன்னா ஏத்தத்தில் மூணாவது கியரே திணறும். கார்புரேட்டர் வேற, காத்து குறைஞ்சதுக்குத் தக்கபடி பெட்ரோலைக் குறைக்கத் தெரியாது, ரிச்சா ஓடும், அதாவது பெட்ரோல் தேவைக்கு மேல போகும், லேசாப் புகையும். பயந்துக்க வேண்டாம், வண்டி ஓடும். ஆனா ஏத்தத்தில் அவனால் லாரியை முந்த முடியாதுங்கிறதை இப்பவே கணக்கில் வெச்சுக்கோ. நீ முந்திட்டுப் போயிட்டா அவனும் முந்தப் பார்ப்பான். அங்கதான் வம்பு.

இறக்கம்தான் என் பெரிய கவலை. புதுசா மலை ஏறுறவங்க இறங்கும்போது பின்பிரேக்கில் காலை வெச்சபடியே வருவாங்க. டிரம் சூடேறினா எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்காது. எந்த கியரில் ஏறினானோ அதே கியரில் இறங்கச் சொல்லு, வேகத்தை என்ஜினே பிடிச்சு வெச்சுக்கும். முன்பிரேக் டிஸ்க்கா இருந்தா பிரேக் ஆயிலை மாத்தினது எப்பன்னு கேளு. டாட் 4ங்கிற ரகப் பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சினதுக்கு அப்புறம் அந்த அளவுகோல் 155. நீண்ட இறக்கத்தில் அது கொதிச்சுக் குமிழி விட்டுச்சுன்னா லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துடும், வண்டி நிற்காது. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சுன்னா யோசிக்காம மாத்திடுங்க.

இப்போ இலை. மேலே மொறுமொறுன்னு சருகா இருக்கிறதைப் பார்த்து ஏமாறாதே, அடியில் ஈரம் அப்படியே இருக்கும். அதைவிட மோசம் போன வாரம் விழுந்து, டயர் ஏறி நசுங்கிக் கூழாப் போனது. தார் நிறத்திலேயே ஒட்டிக் கிடக்கும், அதில் சாய்ச்சு ஓட்டுறது சோப்புத் தண்ணி கொட்டின தரையில் ஓடுற மாதிரி. வண்டிச் சக்கரம் படாத இடமாப் பார்த்துத்தான் அது சேரும்: ரோட்டு நடுவில், ஓரத்தில், முக்கியமா வளைவோட உள்விளிம்பில். அதனால வளைவை உள்ளே வெட்டி ஓட்டுற பழக்கத்தை இந்தப் பயணத்துக்கு மூட்டை கட்டி வெச்சிடுங்க. கார் டயர் தேய்ச்சு வெச்ச தடம் இருக்கு பாரு, அதிலேயே போங்க. இலை மேல ஏறித்தான் ஆகணும்னா பிரேக் வேலையை அதுக்கு முன்னாடியே முடிச்சிடணும். வண்டியை நிமிர்த்தி, ஆக்சிலரேட்டரை முறுக்காம, பிரேக்கைத் தொடாம உருட்டிக்கிட்டு கடந்துடு. உன்கிட்ட ஏபிஎஸ் இருக்குன்னு தெம்பா இருக்காதே. சாதாரண ஏபிஎஸ் நேராப் போகும்போது சக்கரம் லாக் ஆகாமப் பார்த்துக்கும். சாய்ஞ்சிருக்கும்போது டயர் பக்கவாட்டில் வழுக்கினா அதுக்கு ஒண்ணும் தெரியாது.

நேரம்: காலை 10க்குக் கிளம்பு, சாயங்காலம் 4க்குள் தங்குற இடத்தில் இரு. காலண்டரில் போட்டிருக்கிற சூரிய அஸ்தமனம் மலையில் செல்லாது, எதிர்மலைக்குப் பின்னாடி சூரியன் போனதுமே பள்ளத்தாக்கில் இருட்டு கட்டிடும். காலையிலும் அப்படித்தான். வெயில் படாத சரிவில் ராத்திரிப் பனி சீக்கிரம் விலகாது. உறையுற குளிர்னா முதல்ல பாலத்தைக் கவனி, மேலேயும் கீழேயும் காத்து போறதால மத்த ரோட்டுக்கு முன்னாடி அது உறைஞ்சிடும்.

கடைசியா, நீ முன்னாடி போ. அவன் உன் தடத்தைப் பார்த்துக் கத்துக்குவான்.

வளைவுப்பிரியன் எழுதியது:

அண்ணன் சொன்ன எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடுறேன், கடைசி வரியைத் தவிர.

முன்னாடி போறவன் தெரிஞ்சவன்னா பின்னாடி வர்ற புதியவன் ரோட்டைப் பார்க்க மாட்டான், உங்க டெயில் லைட்டைத்தான் பார்ப்பான். நீங்க வளைவுக்குள்ள போன வேகத்திலேயே அவனும் நுழைவான், அங்க போய்த்தான் திணறுவான். 400க்கும் 150க்கும் நடுவில் ஏத்தத்தில் இடைவெளி விழும், அதை இறக்கத்தில் துரத்திப் பிடிக்கப் பார்ப்பான். அவனை முன்னாடி விடுங்க. அவன் வேகம்தான் பயணத்தோட வேகம். ஓரங்கட்டுற வியாதிக்கும் அதுதான் மருந்து, பின்னாடி இருக்கிற உங்களுக்கு அவன் பிரேக் லைட் தெரியும். நேர்பாதையில் ஆளுக்கு ஒரு பக்கமா விலகிப் போகலாம், வளைவு ஆரம்பிச்சதும் ஒத்தை வரிசைதான், ரெண்டு செகண்டுக்குக் குறையாத இடைவெளி. ஒரு விஷயம், கண்ணாடியில் நீங்க பெருசாத் தெரிஞ்சா அவனுக்குப் பதற்றம் வரும். அவன் முதுகில் ஏறாதீங்க.

சருகுபொறுக்கி எழுதியது:

வண்டி விஷயம் இவங்க பார்த்துக்குவாங்க, நான் மரத்துக்கு வர்றேன். நிறம் உச்சியில் ஆரம்பிச்சு அடிவாரத்துக்கு இறங்கி வரும். அதனால ஒரே உயரத்தில் ரூட் போடாதீங்க. கணவாய் ஒண்ணை ஏறி இறங்குற மாதிரி போட்டீங்கன்னா தேதி முன்ன பின்ன ஆனாலும் ஏதோ ஒரு மட்டத்தில் நிறம் கிடைக்கும். மஞ்சள் இலைக்குள்ள முதல்லயே இருக்கிறதுதான், பச்சையம் சிதைஞ்சதும் வெளியே தெரியுது. சிவப்பு அப்படியில்லை, இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து மரம் புதுசாத் தயாரிக்கிறது. பகல் வெயிலாவும் ராத்திரி உறையாத குளிராவும் ஒரு வாரம் போச்சுன்னா சிவப்பு தூக்கலா இருக்கும். பலமா ஒரு காத்தடிச்சா எல்லாம் ரோட்டுக்கு வந்துடும், அப்புறம் கிரீஸ்கை அண்ணன் பாடுதான்.

உங்க நண்பருக்கு ஒரு சேதி. வெயில் இலைக்குப் பின்னாலிருந்து வந்தாதான் படம் நல்லா வரும், அதாவது சூரியனைப் பார்த்து நிக்கணும். ஓட்டும்போது அதுவே ஆபத்து, தாழ்ந்த வெயில் கண்ணைக் குத்தும். சாயங்காலம் கிழக்கு நோக்கி ஓட்டுற மாதிரி ரூட் வெச்சுக்கோங்க. அப்பவும் நிம்மதி கிடையாது, எதிரே வர்றவருக்குத்தான் கண் கூசும். அவருக்கு உங்களைத் தெரியலைன்னு நினைச்சே ஓட்டுங்க.

நிதானவண்டி எழுதியது:

நன்றிங்க. அவனையே முன்னாடி விடுறேன். படத்துக்கு அகலமான திருப்பம் இல்லேன்னா வியூ பாயிண்ட், அதைத் தவிர வேற எங்கேயும் நிறுத்தக் கூடாதுன்னு பேசிட்டேன், முறைச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டான். துணி விஷயத்தில்தான் பிடிவாதம். அடிவாரத்தில் 15 டிகிரிதானே, ஒரு ஜாக்கெட் போதும்ங்கிறான். கையுறையும் கோடைக்கு வாங்கின வலைத்துணி கையுறைதான்.

கிரீஸ்கை எழுதியது:

வளைவுப்பிரியன் சொன்னது சரிதான், அவன் முன்னாடியே போகட்டும்.

துணிக்கு அவன்கிட்ட கணக்குப் போட்டுக் காட்டு. 1000 மீட்டர் ஏறினா சராசரியா ஆறரை டிகிரி குறையும். 15ல் கிளம்பி 1500 மீட்டர் ஏறினா மேலே 5 டிகிரி. அந்தக் குளிரில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனா காத்து படுற தோலுக்கு அது மைனஸ் 2 மாதிரி. வலைத்துணிக்குள்ள விரல் அரை மணி நேரத்தில் மரத்துடும். அப்புறம் லீவரை எவ்வளவு அழுத்துறோம்னு அவனுக்கே தெரியாது. காத்து புகாத குளிர்காலக் கையுறை, கழுத்துக்கு ஒரு துணிப்பட்டி, ஜாக்கெட்டுக்குள்ள காத்தைத் தடுக்கிற ஒரு லேயர். ரெயின்கோட்டை மழை இல்லேன்னாலும் மேலே மாட்டிக்கலாம், காத்தை நல்லாத் தடுக்கும். வைசர் உள்பக்கம் மூச்சுப்பனி படியாம இருக்க பின்லாக் மாதிரி ஒரு உள்தகடு வாங்கிக்கோங்க, அது ஹெல்மெட்டுக்குப் பொருந்துதான்னு பார்த்து வாங்கு.

டயர் காத்தைக் காலையில் வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, டயர் சூடேறாதப்ப பாருங்க. அவன் வண்டி செயினைப் போட்டோ எடுத்து இங்க போடு, பல்சக்கரமும் சேர்ந்து தெரியணும்.