பாஸ்தீனா சூப் களி ஆகிவிட்டது, உடனே உதவி தேவை

போலோஞா_மாணவி:
வணக்கம். ரூம்மேட்டுக்குக் காய்ச்சல். இத்தாலிக்காரப் பெண். அவள் வீட்டில் உடம்பு சரியில்லை என்றால் பாஸ்தீனா என்கிற குட்டிப் பாஸ்தா போட்ட சூப்தான் கொடுப்பார்களாம். நான் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வீடியோ பார்த்து அப்படியே செய்தேன், ஆனால் சூப்பைக் காணோம். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத களிதான் இருக்கிறது. சீஸ் வேறு திரிதிரியாகக் கரண்டியில் ஒட்டுகிறது. காப்பாற்ற முடியுமா, கொட்டிவிடவா? எட்டு மணிக்கு எழுந்துவிடுவாள். ப்ளீஸ்.

அடுப்படி_ராஜன்:
எந்த வடிவப் பாஸ்தா? எவ்வளவு போட்டீர்கள்? தண்ணீர் எவ்வளவு? குக்கரா, திறந்த பாத்திரமா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

மல்லித்தழை:
பாஸ்தாவைக் கழுவினீர்களா? கழுவாமல் போட்டால் மாவு எல்லாம் சூப்பில் இறங்கி இப்படித்தான் ஆகும். அரிசி களைவது போல மூன்று தண்ணீர் விட்டுக் களைய வேண்டும். என் அனுபவம்.

சமையல்_வாத்தியார்:
பாஸ்தாவைக் களைவதா? நல்லது. காபித் தூளையும் களைந்து போடுங்கள். சூப்புக்குத் திடம் கொடுப்பதே அந்த மாவுதான்.

கேள்வி கேட்டவருக்கு: இதே பிரச்சினை இங்கே பலமுறை பேசியாகிவிட்டது. தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது. வீடியோ பார்த்துச் சமைக்கிறவர்கள் அதையும் ஒருமுறை பார்க்கலாம்.

குட்டிச்சாத்தன்:
மைதாப் பாஸ்தாவாக இருக்கும். மலிவு விலைப் பாக்கெட் எல்லாம் அப்படித்தான், வெந்ததும் குழைந்துவிடும். நல்ல பாஸ்தா வாங்குங்கள்.

சமையல்_வாத்தியார்:
அவர் இருப்பது போலோஞாவில். உலர் பாஸ்தாவை துரும் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலியில் 1967-லேயே சட்டம் போட்டாயிற்று. அங்கே மலிவுப் பாக்கெட்டும் ரவைதான்.

குட்டிச்சாத்தன்:
சட்டம் அங்கே தயாரிப்பவர்களுக்கு. வேறு நாட்டிலிருந்து வரும் பாஸ்தாவை அதைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்று 1988-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அது தெரியாதா வாத்தியாரே?

சமையல்_வாத்தியார்:
தெரியும். ஆனால் போலோஞாவில் போய் ஜெர்மன் மைதாப் பாஸ்தாவைத் தேடி வாங்குகிறவர் யார் என்றுதான் தெரியவில்லை.

அடுப்படி_ராஜன்:
அந்தப் பெண் எட்டு மணி என்று சொல்லியிருக்கிறார். நீதிமன்றத்தைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள்.

போலோஞா_மாணவி:
மன்னிக்கவும், அவளுக்கு மாத்திரை கொடுக்கப் போயிருந்தேன். நட்சத்திர வடிவம், பாக்கெட்டில் ஸ்தெல்லீனே என்று இருக்கிறது. ஒரு கப் போட்டேன். தண்ணீர் கண்ணளவுதான், முக்கால் லிட்டர் இருக்கலாம். சூப் க்யூப் இரண்டு. வீடியோவில் கேரட், வெங்காயம், செலரியை வேகவைத்து மிக்ஸியில் அடித்துத் திரும்ப ஊற்றச் சொன்னார்கள், அதையும் செய்தேன். திறந்த பாத்திரம்தான். ஆறரைக்கே முடித்து, சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று மூடி வைத்தேன்.

ஜெர்சி_சுந்தர்:
அது 'இத்தாலியப் பெனிசிலின்' என்று சுற்றும் அமெரிக்க வீடியோ. இங்கே நியூஜெர்சி இத்தாலிய வம்சாவளிக்காரர்களுக்குப் பாஸ்தீனா என்றால் உயிர். 2023 ஜனவரியில் ரொன்ஸோனி நிறுவனம் தன் நட்சத்திரப் பாஸ்தீனாவை நிறுத்தப் போவதாக அறிவித்ததும், நிறுத்தாதே என்று ஆன்லைனில் மனுவே போட்டார்கள். என் பக்கத்து வீட்டுப் பாட்டி கடை கடையாகப் போய் இருந்த பெட்டிகளை எல்லாம் வாங்கி அடுக்கினார். இப்போது அரிசி வடிவ ஓர்ஸோ போட்டுச் செய்கிறார், ஆனாலும் திட்டிக்கொண்டேதான் சாப்பிடுகிறார்.

மல்லித்தழை:
நட்சத்திரமோ அரிசியோ, வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதானே.

ஜெர்சி_சுந்தர்:
அதை அந்தப் பாட்டியிடம் வந்து சொல்லுங்கள். கூட நான் வர மாட்டேன்.

பலேர்மோ_அக்கா:
தங்கச்சி, கொட்டிப் போடாதேங்கோ. உங்கட பாஸ்தாவிலே ஒரு பிழையும் இல்லை. ஒரு கப் ஸ்தெல்லீனே 170 கிராம் அளவில் வரும். அது ரெண்டு பேருக்குக் கனக்க. தெளிஞ்ச சூப்பாகக் குடிக்க ஒரு ஆளுக்கு 30, 40 கிராமும் 300 மில்லி சூப்பும் போதும். இஞ்ச இத்தாலிக்காரர் வீடுகளில் நான் பார்த்த அளவு இதுதான். குட்டிப் பாஸ்தா அடுப்பை நிப்பாட்டினாலும் தண்ணியை இழுத்துக்கொண்டே இருக்கும். அதிலே காய் வேறை அரைச்சு விட்டு, மூடியும் வைச்சால் என்ன செய்யும்?

இப்ப செய்ய வேண்டியது: வேறை பாத்திரத்திலே வெறும் தண்ணியைக் கொதிக்க வையுங்கோ. க்யூப் போடாதேங்கோ, ஏற்கெனவே ரெண்டு போட்டாச்சு, சீஸிலும் உப்பு இருக்கு. அந்தச் சுடுதண்ணியை ஒவ்வொரு அகப்பையாக விட்டு, மெல்லிய நெருப்பிலே அடியிலிருந்து மெதுவாகக் கிளறுங்கோ. பச்சைத் தண்ணி வேண்டாம். அவ எழும்பின பிறகு செய்யுங்கோ, இப்பவே இளக்கி வைச்சால் திரும்ப இறுகும்.

அடுப்படி_ராஜன்:
அக்கா சொன்னதுதான் சரி. அடுத்த முறை சூப்பைத் தனியாகக் காய்ச்சி வைத்துவிட்டு, சாப்பிட உட்காரும்போது மட்டும் பாஸ்தாவைப் போட்டால் இந்த வம்பே இல்லை. சீஸ் திரிந்ததற்கும் காரணம் ஒன்றுதான்: கொதிக்கும்போது போட்டிருப்பீர்கள். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விட்டு, பொடியாகத் துருவித் தூவ வேண்டும்.

மல்லித்தழை:
க்யூப் இல்லாமல் சூப் எப்படி?

அடுப்படி_ராஜன்:
கோழித் துண்டுகள், ஒரு வெங்காயம், ஒரு கேரட், ஒரு செலரித் தண்டு. பச்சைத் தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் இரண்டு மணி நேரம். நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், தளதளவென்று கொதிக்கவிட்டால் கலங்கிவிடும். வெறும் காய்கறி என்றால் முக்கால் மணி நேரம் போதும். பார்மிஜானோ சீஸ் தீர்ந்த பிறகு மிஞ்சும் தோலைத் தூக்கிப் போடாமல், வெளிப்பக்கத்தைச் சுரண்டிக் கழுவி சூப்பிலேயே போடுங்கள். அது மெழுகு இல்லை, காய்ந்து இறுகிய சீஸ்தான். சூப்பில் ஊறி மென்மையானதும் குழந்தைகள் அதற்கே சண்டை போடும்.

துளசிமாடம்:
காய்கறி சூப் என்றால் எங்கள் வீட்டிலும் செய்யலாம். நாங்கள் சுத்த சைவம். சீஸ் பால்தானே, பிரச்சினை இல்லையே?

குட்டிச்சாத்தன்:
பிரச்சினை இருக்கிறது. பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட். வேறு எதையும் அந்தப் பெயரில் விற்கும் சீஸில் போடக் கூடாது. கிரானா படானோ என்ற சீஸிலும் விலங்கு ரென்னட்தான், அதோடு முட்டையிலிருந்து எடுக்கும் லைசோசைம் என்ற நொதியும் சேர்ப்பார்கள்.

துளசிமாடம்:
அதெப்படி? நான் இங்கே வாங்கும் சீஸ் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதே.

குட்டிச்சாத்தன்:
அது இந்தியச் சீஸ். நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னட் போட்டுச் செய்வதால் பச்சைப் புள்ளி. இத்தாலியில் பார்மாவிலும் மோதனாவிலும் ஓராண்டுக்கு மேல் பதப்படுத்திய சீஸ் சக்கரத்துக்கு அந்தப் புள்ளி எப்படி வரும்?

சமையல்_வாத்தியார்:
பால் பொருளைச் சைவம் என்று ஏற்றுக்கொண்ட பிறகு அதில் துளி ரென்னட்டைப் பற்றிக் கவலைப்படுவது வீண். ஒரு சக்கரத்துக்கு 500 லிட்டருக்கும் மேல் பால் போகிறது, அதில் ரென்னட் எம்மாத்திரம்?

துளசிமாடம்:
அளவு பார்த்துச் சைவமாக இருக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை சார். உங்களுக்கு வீணாகத் தெரிந்தால் நீங்கள் சாப்பிடுங்கள்.

அடுப்படி_ராஜன்:
சைவ ரென்னட் போட்ட கெட்டிச் சீஸ்களும் கிடைக்கின்றன அம்மா, வேறு பெயரில். இல்லையென்றால் நல்ல ஆலிவ் எண்ணெய் ஒரு கரண்டி விட்டுவிடுங்கள். இத்தாலியில் வயிறு சரியில்லாதவர்களுக்கு அப்படியும் கொடுப்பார்கள்.

பலேர்மோ_அக்கா:
தங்கச்சி, இன்னொன்று. அவவின்ர வீட்டிலே எப்படிச் செய்வினம் என்று கேட்டனீங்களோ? எல்லா வீட்டிலும் தெளிஞ்ச சூப் இல்லை. சில வீடுகளில் பாஸ்தீனாவுக்குள்ளே ஃபொர்மஜ்ஜீனோ என்ற மெத்தென்ற சின்னச் சீஸ் துண்டைக் கரைச்சு, வெள்ளையாக, இறுக்கமாகத்தான் சின்னப் பிள்ளைகளுக்குக் குடுப்பினம். அப்படிச் சாப்பிட்டு வளர்ந்தவ என்றால் நீங்கள் கனக்க இளக்கத் தேவையில்லை.

சில வீடுகளில் முட்டை. ஒரு முட்டையைச் சீஸோட அடிச்சு, நெருப்பை நிப்பாட்டின பிறகு ஊத்திக் கெதியாகக் கிளறினால் மழமழவென்று வரும். கொதிக்கக் கொதிக்க ஊத்தினால் இழை இழையாகப் போகும். ரோமாபுரிப் பக்கம் ஸ்த்ராச்சதெல்லா என்று வேணுமென்றே அப்படிச் செய்யிறவை, அது வேறை சூப்.

சமையல்_வாத்தியார்:
நான் முதலிலேயே சொன்னதுதான் இது. பழைய இழையில் எல்லாம் இருக்கிறது.

ஜெர்சி_சுந்தர்:
நீங்கள் முதலில் சொன்னது காபித் தூள் சார்.

போலோஞா_மாணவி:
வெந்நீர் விட்டு இளக்கிவிட்டேன். அவள் வீட்டில் முட்டைதானாம், கெட்டியாகத்தான் பிடிக்குமாம், பாதியிலேயே நிறுத்து என்றாள். ஒரு கிண்ணம் சாப்பிட்டாள். உப்பு கொஞ்சம் கூட என்றாள். அக்காவுக்கும் ராஜன் அண்ணாவுக்கும் ரொம்ப நன்றி.

பலேர்மோ_அக்கா:
சந்தோசம். மிச்சம் இருந்தால் ஃப்ரிட்ஜிலே வைச்சு நாளைக்குக் காலமை சுடுதண்ணி விட்டுச் சூடாக்குங்கோ. அதிலே முட்டை போட்டிருந்தால் இரவே முடிச்சுப் போடுங்கோ.

மல்லித்தழை:
எத்தனை கரண்டி வெந்நீர் விட்டீர்கள்? நானும் இன்று ஒரு கப் போட்டுவிட்டேன். கழுவித்தான் போட்டேன்.

மல்லித்தழை:
யாராவது இருக்கிறீர்களா?

துளசிமாடம்:
ராஜன் சார், அந்தச் சைவக் கெட்டிச் சீஸை லேபிளில் எப்படிக் கண்டுபிடிப்பது?

குட்டிச்சாத்தன்:
இத்தாலிய லேபிளில் கால்யோ என்ற சொல்லைத் தேடுங்கள். அதன் பக்கத்தில் வெஜெத்தாலே அல்லது மிக்ரோபிகோ என்று இருந்தால் வாங்கலாம். வெறும் கால்யோ என்று மட்டும் இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

சமையல்_வாத்தியார்:
இது பாஸ்தீனா இழை. சீஸுக்குத் தனி இழை திறக்கவும்.