சூடு மட்டும் ஊதும் ஏசி: நான்குவழி வால்வை வெட்டலாமா?

புதுக்குடியிருப்பு அக்கா: தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஏசி, சூடும் குளிரும் தருகிற வகை. பிள்ளைகள் றிமோட்டில் சூரியன் படத்தை அழுத்திவிட்டார்கள். அதன் பிறகு குளிருக்கு மாற்றினாலும் சூடான காற்றுத்தான் வருகிறது. படுக்கையில் இருக்கும் அம்மாவை இந்தச் சித்திரை வெயிலில் அந்த அறையில் வைத்திருக்க முடியவில்லை. பார்க்க வந்த ஒருவர் கொம்பிரசர் போய்விட்டது என்றார். மற்றவர் சூட்டுக்கும் குளிருக்கும் காஸ் ஓடும் திசையை மாற்றுகிற நான்குவழி வால்வை வெட்டிவிட்டு நேர்க்குழாய் போடலாம் என்றார். யார் சொல்வதைக் கேட்பது?

மாங்குளம் மெக்கானிக்: கொம்பிரசர் போயிருந்தால் சூடும் வராது, அந்தக் கதையை விடுங்கள். வெட்டச் சொன்னவர் சொன்னதே சரி. வன்னியில் அறையைச் சூடாக்கும் தேவை எவருக்கு? மார்கழிப் பனிக்கு ஒரு போர்வை போதும். புது வால்வு வேண்டுமென்றால் கொழும்பில் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். கொம்பிரசரிலிருந்து வரும் சூட்டுக்குழாயை வெளிச்சுருளோடும், வீட்டுக்குள்ளிருந்து வரும் தடித்த குழாயை உறிஞ்சு குழாயோடும் ஒட்டினால் சாதாரண ஏசி ஆகிவிடும். பிறகு சிக்குவதற்கு அங்கே எதுவும் இருக்காது.

ரொறன்ரோ முள்ளியவளையான்: வெட்டுவதற்கு முன் காயிலை, அதாவது வால்வின் மேல் மாட்டியிருக்கும் மின்காந்தச் சுருளைப் பாருங்கள். இங்கே வீட்டுக்கு வீடு இதே வால்வுதான். பெரும்பாலான கம்பனிகளின் இயந்திரங்களில் குளிர் வேண்டும்போதுதான் காயிலுக்கு 24 வோல்ட் போகும். காயில் எரிந்தால் வால்வு சூட்டிலேயே நின்றுவிடும். அக்கா சொல்வதும் அதேதான்.

கிளிநொச்சி குளிரூட்டி: அண்ணை, நீங்கள் சொல்வது வட அமெரிக்காவில் வீடு முழுவதற்கும் காற்றுக்குழாய் வைக்கும் இயந்திரங்களுக்குச் சரி. அங்கேயே ரீம் கம்பனி மறுவளமாக, சூட்டுக்கு மின்சாரம் கொடுக்கிறது. அக்காவிடம் இருப்பது சுவரில் மாட்டும் ஏசி. இவற்றில் பெரும்பாலானவை சூட்டுக்குத்தான் காயிலுக்கு மின்சாரம் கொடுக்கும், அதுவும் 230 வோல்ட். காயில் எரிந்திருந்தால் இது குளிரில்தான் நின்றிருக்கும், எவருக்கும் பழுது தெரிந்தே இராது.

ஆகவே குளிர் நிலையில் ஓடவிட்டு, காயிலுக்குப் போகும் வயரில் வோல்ட் அளக்க வேண்டும். வோல்ட் இருந்தால் பழுது கார்ட்டில் (மின்சுற்றுப் பலகையில்), அதிலுள்ள ரிலே என்ற சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வோல்ட் இல்லாமலும் சூடு வந்தால் மட்டுமே வால்வைச் சந்தேகிக்கலாம். இந்த ஓர் அளவை எடுக்காமல் நெருப்பைப் பற்றவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மாங்குளம் மெக்கானிக்: தம்பி, மீட்டர் எங்களிடமும் இருக்கிறது. நான் கழற்றிய வால்வுகளில் உள்ளே கறுப்புத் தூள் அடைத்து நகராமல் கிடந்தவை பல. அதற்கு என்ன அளவு?

கிளிநொச்சி குளிரூட்டி: அந்தக் கறுப்புத் தூள் எங்கிருந்து வந்தது அண்ணை? நைட்ரஜன் ஓடவிடாமல் காஸ் வெல்டிங் செய்தால் செம்புக்குழாயின் உட்புறம் கருகி உரியும். நீங்கள் சொல்கிறபடி வெட்டி ஒட்டினால் அடுத்த தூளை நாமே உள்ளே அனுப்புகிறோம், அது நுண்குழாயை அடைக்கும். உள்ளே ஆர்32 காஸ் இருந்தால் அது தீப்பற்றக்கூடியது, முழுவதையும் எடுக்காமல் சுவாலையைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது.

வால்வுக்குள் நகரும் வழுக்கி சிக்கியிருந்தாலும் அதை நகர்த்துவது காயில் அல்ல, காஸின் அழுத்த வேறுபாடு. காஸ் குறைந்திருந்தால் நல்ல வால்வும் அசையாது. முதலில் அழுத்தத்தைப் பார்த்து, சூடு குளிர் என்று மாற்றி மாற்றி ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் வால்வின் உடலில் மெல்லத் தட்ட வேண்டும். சுத்தியலால் அடித்து உடல் நெளிந்தால் அதோடு சரி.

ரொறன்ரோ முள்ளியவளையான்: வால்வு உள்ளுக்குள் கசிந்தால்? வால்விலிருந்து கொம்பிரசருக்குத் திரும்பும் நடுக்குழாயையும், வால்வுக்குள் வரும் குளிர்க்குழாயையும் தொட்டுப் பார்ப்போம். வெப்பநிலை தெளிவாக வேறுபட்டால் சூடான காஸ் குறுக்கே பாய்கிறது. பலர் இதைக் கொம்பிரசர் பழுதென்று நினைத்து வீணாகக் கொம்பிரசரை மாற்றிவிடுகிறார்கள்.

புதுக்குடியிருப்பு அக்கா: எலெக்ட்ரீஷியன் தம்பியை வைத்து அளந்தோம். குளிர் நிலையிலும் காயில் வயரில் 230க்குக் கிட்ட வோல்ட் வருகிறது.

மாங்குளம் மெக்கானிக்: அப்படியானால் ரிலேதான். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றும் எறும்பும் கார்ட்டை விடாது. ஆனால் கார்ட்டின் விலையைக் கேட்டால் அக்கா என்னிடம்தான் வருவார்.

கிளிநொச்சி குளிரூட்டி: இப்போதைக்குக் கார்ட்டும் வேண்டாம் அண்ணை. அக்கா, மெயின் சுவிட்சை நிறுத்திச் சில நிமிடம் பொறுங்கள், உள்ளே இருக்கும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பிறகு எலெக்ட்ரீஷியன் கார்ட்டிலிருந்து காயில் வயரின் சொக்கெட்டை உருவி, நுனிக்கு டேப் சுற்றட்டும். காயில் வால்விலேயே இருக்கட்டும். மின்சாரம் போகும்போது காயிலை மட்டும் கழற்றினால் அது எரிந்துவிடும். இனி ஓடவிட்டால் குளிர்தான் வரும், குழாய் ஒன்றும் வெட்டப்படாது. மூடியின் உட்புறம் "காயில் வயர் கழற்றப்பட்டது" என்று எழுதி ஒட்டுங்கள், அடுத்து வருபவர் வால்வைக் குறை சொல்லாதிருக்க.