செங்கல் புகைபோக்கிக்குள் எஃகுக் குழாய்: வெப்பக் காப்புப் போர்வை சுற்ற வேண்டுமா, வேண்டாமா?

குடமுருட்டிக்கரையான்:
"மே மாதத்தில் நாற்பது டிகிரி காயும் தஞ்சைத் தரணியில் புகைபோக்கிக்குப் போர்வை எதற்கு, அதற்குக் குளிரெடுக்கிறதா?" என்று நேற்று வெண்ணாற்று அண்ணன் எழுதியிருந்தார். கும்பகோணத்துக்கு அருகே எங்கள் பலகாரக் கூடத்தில், 9 அங்குலச் சதுரமான பழைய செங்கல் கூண்டுக்குள் 6 அங்குல எஃகுக் குழாயை அவர் சொல்வதைப் போலவே வெறுமனே இறக்கியவன் நான். ஐப்பசி அடைமழையில் செங்கல் ஊறிக் குளிர்ந்ததும், குழாயின் அடிமூட்டு வழியாகக் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் தார்நீர் ஒழுகி, முறுக்குச் சட்டியின் விளிம்பு வரை வந்து நின்றது.

வெண்ணாற்றங்கரை:
ஈர விறகை எரித்துவிட்டுக் குழாயின்மேல் பழி போடுகிறீர்கள். நாற்பது டிகிரி என்று நான் சொன்னது சொன்னதுதான்.

குடமுருட்டிக்கரையான்:
நன்றாகக் காய்ந்த சவுக்கானாலும், 1 கிலோ எரிந்தால் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கும். அது விறகின் ஈரமன்று, விறகிலுள்ள ஹைட்ரஜன் எரிவதால் உண்டாவது. குழாயின் உட்பக்கம் சுமார் 120 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தார் படியத் தொடங்கும். அந்த 120-க்கு முன்னால் அண்ணனின் நாற்பதும் குளிர்தான். அதனால்தான் குழாயை வெளியே எடுத்து, 25 மில்லிமீட்டர் பீங்கான் இழைப் போர்வையைச் சுற்றி, அதன்மேல் கம்பிவலை கட்டி மறுபடி இறக்கினேன்.

கொள்ளிடத்தான்:
குழாய் ஆறங்குலம், இருபுறமும் போர்வை அங்குலம் அங்குலமாக இரண்டு; ஆறும் இரண்டும் எட்டு. 9 அங்குலக் கூண்டில் பக்கத்துக்கு அரை அங்குலம் மிச்சம். சாந்து பிதுங்காத பழைய கூண்டை நான் பார்த்ததில்லை. போர்வை கிழியாமல் இறங்கியது என்றால் நம்பச் சொல்கிறீர்களா? செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போடும் மெட்ராஸ் ஒட்டு மாடித்தளம் பற்றிய விவாதத்திலும் அளவுக் கணக்கில்தான் வழுக்கினீர்கள்.

குடமுருட்டிக்கரையான்:
சங்கிலியில் கனத்த இரும்பைக் கட்டி உள்ளே ஆட்டி, பிதுக்கங்களைத் தட்டி உதிர்த்த பிறகே இறக்கினோம். மெட்ராஸ் ஒட்டில் சுண்ணாம்பை நான் குறைத்துச் சொன்னதாகப் பரப்பியவர் யார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

நாகைக் கடலோரன்:
எஃகு எந்த ரகம் என்று ஒருவரும் கேட்கவில்லையே! எங்கள் உப்புக் காற்றில் 304 ரகம் புள்ளி புள்ளியாக அரிபடும். மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 ரகம் அதைவிட நன்றாகத் தாங்கும்.

வெண்ணாற்றங்கரை:
கும்பகோணத்தில் கடல் எங்கே இருக்கிறது? காப்பு என்றால் சுவரைக் காப்பதுதானே? என் பாட்டனார் கட்டிய கூண்டு எந்தப் போர்வையும் இல்லாமல் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. மே மாதத்தில் நாற்பது, முடிந்தால் மறுக்கவும்.

குடமுருட்டிக்கரையான்:
கூண்டு நிற்கிறதா என்று யார் கேட்டார்கள்? புகை சூடு குறையாமல் மேலேறுகிறதா என்பதுதான் கேள்வி. எங்கள் இரண்டாவது அடுப்பின் குழாய் இன்னும் வெறுங்குழாய்தான். ஐப்பசியில் அண்ணன் வந்து, அதன் மூட்டுக்கடியில் வைத்திருக்கும் வாளியைத் தம் கையால் தூக்கிக் கொட்டட்டும்.

கொள்ளிடத்தான்:
அரை அங்குலத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.