புதுப்பிப்பு: பயாஸ் பாஸ்வேர்டு நீங்கியது, டெஸ்க்டாப் திறந்தது

பழைய டெஸ்க்டாப்பை ஆன் செய்ததுமே, விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பாஸ்வேர்டு கேட்கிறது, மறந்துவிட்டேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். மதர்போர்டு பேட்டரியைக் கழற்றியும் பலன் இல்லை என்றும் சொல்லியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

போன முறை பலிக்காததற்கு, பவர் கேபிளைப் பிடுங்காமலே பேட்டரியைக் கழற்றியதுதான் காரணம். கேபிள் செருகியிருக்கும் வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் போர்டுக்கு 5 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும், பாஸ்வேர்டு உள்ள பயாஸ் செட்டிங் அழியாது. இந்த முறை கேபிளை எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டேன். பேட்டரிக்குப் பக்கத்தில் மூன்று ஊசிகள், அதில் இரண்டை மூடியபடி நகத்தளவு நீலத் தொப்பி. அதுதான் பயாஸ் செட்டிங்கை அழிக்க உதவும் ஜம்பர். அதை மெல்ல உருவி, நடு ஊசியும் அடுத்ததும் சேரும்படி 10 நொடி வைத்து, பழைய இடத்திலேயே மாட்டினேன். பாஸ்வேர்டு கேட்கவில்லை!

ஆனால் விண்டோஸும் வரவில்லை. நெஞ்சு படபடத்துவிட்டது. பயாஸில் பார்த்தால், செட்டிங் அழிந்ததில் சாட்டா மோடு (ஹார்ட் டிஸ்க்கோடு கம்ப்யூட்டர் பேசும் முறை) ஐடிஇ என்று மாறியிருந்தது. முன்பிருந்த ஏஹெச்சிஐ முறைக்கே திருப்பியதும் வந்துவிட்டது. ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதை நம்பிப் பிரிக்க வேண்டாம். பலவற்றில் பாஸ்வேர்டு தனிச் சிப்பில் இருக்கும், பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. வாங்கிய ரசீதோடு தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.